அரைப்பேர்

காலை ஆறரைக்கு எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குப் பெரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. அம்மாவுக்கு ரோட்டு முக்கில். கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை செல்லசாமி பெயர் கூப்பிட்டு யார் எந்த மலைக்குப் போவது என்று சொல்வார். எனக்கு டெலிகிராமில். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியை ஒட்டி ஒரு பாறை இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காக எடுக்கும் ஒரே இடம் அதுதான். பனி ஊறிய அந்தப் பாறையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஆறு இருபத்தைந்துக்கே போனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஆறரைக்கு 'பிரசன்ட்' என்று போட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் லூகாஸ் அரைநாள் சம்பளத்தை வெட்டிவிடுவார்.

லூகாஸ் என் மேனேஜர். கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. நான் விண்ணப்பம்கூடப் போடவில்லை, அவரே டெலிகிராமில் என்னைத் தேடி வந்து மெசேஜ் போட்டார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. வேலை இலேசுதான். போனில் ஒரு பக்கம் அடையாள அட்டை வரும், மறுபக்கம் ஒரு முகம் வரும். இரண்டும் ஒரே ஆளா என்று பார்த்து ஆம், இல்லை என்று அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு முகம். முந்நூறுக்குக் குறைந்தாலும் வெட்டு.

அதற்கு முன் லிந்துலை டவுனில் சிறில் அண்ணனின் கொமியூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி அடித்துக்கொண்டிருந்தேன். "லொத்தர் விழுந்திருக்குன்னு மெசேஜ் வந்திருக்கு, பாரு தங்கச்சி" என்று யாராவது போனை நீட்டினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "டிக்கட் வாங்குனீங்களா? வாங்காம எப்பிடிங்க விழும்? போங்க, போயி வேலயப் பாருங்க" என்று விரட்டிவிடுவேன். காசு கேட்டால் கள்ளன், அள்ளித் தருகிறேன் என்றால் கள்ளன், புகழ்ந்து பேசினால் பெரிய கள்ளன். இது எனக்கு மனப்பாடம். என்னை ஒருத்தனும் ஏமாற்ற முடியாது என்று திமிரோடு இருந்தேன். கடையை விட்டு நிற்கிறேன் என்று சொன்ன அன்று சிறில் அண்ணன், "யோசிச்சு செய், நிலக்ஷி" என்றார். "ஒங்களுக்குப் பொறாம அண்ணே" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தவள் நான்.

ஏனென்றால் லூகாஸ் அந்த மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை. ஒரு சதம் கேட்கவில்லை. புகழவும் இல்லை. முதல் பரீட்சையில் என்னைப் பெயிலாக்கினார். இரண்டாம் தடவை, 'சுமார்தான், குறைந்த சம்பளத்துக்குத்தான் எடுக்க முடியும்' என்று எழுதினார். வேலை தொடங்கிய இரண்டாம் நாளே மழைக்குச் சிக்னல் போய் இரண்டு நிமிடம் பிந்தினேன். அரைநாள் போயிற்று.

அன்றைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். சாயங்காலம் அம்மாவும் அதே மூஞ்சியோடு மலையிலிருந்து வந்தாள். பதினெட்டு கிலோ எடுத்தால்தான் ஒரு பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம். அம்மாவின் கொழுந்து பத்தொன்பது இருந்ததாம். தண்ணீருக்கு, சாக்குக்கு என்று செல்லசாமி இரண்டு கிலோவைக் கழித்து அரைப்பேர் போட்டுவிட்டார்.

"அவன் கையில கட்டி மொளைக்க. ஒனக்கு என்னாடி வந்திச்சி?"

"எனக்கும் அரைப்பேருதாம்மா. ரெண்டு நிமிசம் லேட்டுன்னு வெட்டிட்டான்."

அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கழிக்கிறானா? அப்ப நெசக் கம்பெனிதான்டி. நானும் பயந்துகிட்டே இருந்தேன். ஏமாத்துறவன் எதுக்குக் கழிக்கப் போறான், அவன் அள்ளி அள்ளியில்ல குடுப்பான்!"

எனக்கும் அது நூற்றுக்கு நூறு சரியென்றே பட்டது. எங்களுக்கு வேலை கொடுத்தவர்கள் எல்லோருமே கழித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். வேலை என்றால் கழிவு இருக்கும், கழிவு இருந்தால் அது வேலை. அம்மா அதை மறுநாளே நாலு லயத்துக்கும் கொண்டுபோய்விட்டாள். நிலக்ஷிக்குக் கிரிப்டோ கம்பெனியில் வேலையாம், அரைப்பேர்கூட வெட்டுகிறார்களாம் என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாம் வாரம் லூகாஸ் ஒரு கடிதம் அனுப்பினார். மேலே கம்பெனிச் சின்னம், கீழே சீல், கையெழுத்து எல்லாம் இருந்தது. என்னை நிரந்தரமாக்க வேண்டுமென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் பத்துப் பேருடைய அடையாள அட்டையை முன்னும் பின்னும் படம் எடுத்து, அவர்கள் முகத்தையும் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். புதிய சாப்ட்வேரைச் சோதிக்கத்தான் என்றார். அதுவரை என் சம்பளம் போனுக்குள் ஒரு எண்ணாக மட்டும் தெரியும். நிரந்தரமான பிறகுதான் கையில் எடுக்கலாம்.

பத்துப் பேர் எனக்கு ஒரு பெரிய காரியமா? நிவாரணத்துக்கு, யூனியனுக்கு, வீட்டுத் திட்டத்துக்கு, கோழிக்குஞ்சு கொடுக்க வந்தவர்களுக்கு என்று லயத்துக்குள் கால் வைத்த ஒவ்வொருவரும் எங்களிடம் முதலில் கேட்டது அடையாள அட்டையைத்தான். எதற்கு என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அதுவும் கேட்பவள் எங்கள் வீட்டுப் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். நிஷாந்தி கொடுத்தாள், டோரீன் கொடுத்தாள். லெட்சுமி அத்தை கொடுத்ததைத்தான் இன்றைக்கும் நினைத்தால் தாங்க முடியவில்லை.

அத்தை அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவர். பிறப்புப் பதிவு இல்லாமல் நாற்பத்தொரு வயது வரை அடையாள அட்டை இல்லாமலே இருந்தவர். அதற்காக ஆறு தடவை நுவரெலியாவுக்கு அலைந்தார். கிடைத்த பிறகு அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். நான் வீடியோ எடுக்கப் போனதும், "இருடி, இந்தக் கோலத்திலயா எடுப்ப?" என்று உள்ளே போய் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். வலப்பக்கம் திரும்புங்க என்றதும் திரும்பினார். கண்ணை மூடித் திறங்க என்றதும் சிரித்துவிட்டு, இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார். இந்த மூன்று பேருடையதையும் அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் மீதி ஏழு பேருடையதும் என் போனில் இருந்தது. பாறையில் ஏறி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஏறி உட்கார்ந்து, அனுப்புவதற்கு முன் அந்த மாதத்துச் சம்பளக் கணக்கைப் பார்த்தேன். அந்த வாரம் மழை ஓயவில்லை, இரண்டு தரம் கரண்டும் போயிருந்தது. கடைசி ஐந்து வேலை நாளில் நான்கு அரைப்பேர்! எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. என்ன இருந்தாலும் நான் என் அம்மாவின் மகள். மழை பெய்தால் நான் என்ன செய்ய, மின்சாரம் போனால் நான் என்ன செய்ய, முந்நூறு முகமும் பார்த்துக் கொடுத்திருக்கிறேனே என்று இங்கிலீசில் தெரிந்த கோபம் எல்லாவற்றையும் கொட்டி எழுதினேன்.

இது உடனே தீராது என்று எனக்குத் தெரியும். முடியாது என்பார். சட்டம் பேசுவார். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்பார். அதற்கு என்ன எழுதுவது, அதற்கும் மசியாவிட்டால் என்ன எழுதுவது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. 'நீங்கள் சொல்வது நியாயம். நான்கு நாளையும் முழு நாளாக்கிவிட்டேன். சிரமத்துக்கு மேலும் இரண்டு நாள் சேர்த்திருக்கிறேன். மீதி ஏழு பேரை அனுப்புங்கள்.' திறந்து பார்த்தேன். எண் ஏறியிருந்தது.

அனுப்புவதைக்கூட மறந்து, சந்தோஷத்தில் பாறையிலிருந்து குதித்து இறங்கினேன். நாலு எட்டு வைத்திருப்பேன், கால் நின்றுவிட்டது. போன வருடம் அம்மாவுக்கு அநியாயமாகப் போட்ட ஒரே ஒரு அரைப்பேரைத் திருப்பி வாங்க யூனியன் தலைவர் இரண்டு தரம் ஆபீசுக்குப் போனார், அம்மா தோட்டத்துப் பெரிய மேனேஜரான துரைக்கு முன்னால் நின்று அழுதாள், இரண்டு மாதம் ஆனது. அப்படியும் கிடைத்தது முழுசாக இல்லை. வெட்டினவனுக்குத் திருப்பிக் கொடுக்க வலிக்க வேண்டும். ஏனென்றால் அது அவன் பையிலிருந்து போகிறது. இவனுக்கு வலிக்கவே இல்லையே! ஒரு எண்ணை அழித்து இன்னொரு எண்ணை எழுதியிருக்கிறான். எழுத எழுத அவனுக்கு என்ன குறையப்போகிறது?

திரும்பவும் பாறைக்கு ஏறினேன். அந்த எண்ணில் ஆயிரம் ரூபாயை மட்டும் வங்கிக்கு மாற்றித் தாருங்கள், அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று பொய் எழுதினேன். 'நிரந்தரமான பிறகு.' உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு நிமிடம் பேச வேண்டும் என்றேன். 'கம்பெனி விதி அனுமதிக்காது.' காலையில் நாற்பது பேர் பிரசன்ட் போடும் எங்கள் டெலிகிராம் குழுவில், இந்த வாரம் வேறு யாருக்காவது வெட்டு விழுந்ததா என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நான் எழுதியதே அங்கே இல்லை. அந்த நாற்பது பேரும் தினமும் ஒரே நொடியில் பிரசன்ட் போட்டதைப் பார்த்து, என்ன ஒழுங்கு என்று வியந்தவளும் நான்தான்.

கடையில் என்னோடு வேலை செய்த ஏஞ்சலா இப்போது தலவாக்கலையில் ஒரு வங்கியில் இருக்கிறாள். அவளை அழைத்தேன். முதலில் கோபப்பட்டாள், பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"காசு கேக்காட்டி கள்ளன் இல்லன்னு யாருடி ஒனக்குச் சொன்னா? அவனுக்கு வேண்டியது அந்த மூஞ்சிங்கதான். அதை வச்சு அவுங்க பேருல கணக்கு தொறப்பான். எங்கயோ அடிச்ச களவுக் காச அதுக்குள்ளால அனுப்புவான். பொலிஸ் தேடி வந்தா மூஞ்சிக்காரியத்தான் தேடி வரும், லூகாஸ தேடி இல்ல."

"இப்ப நான் என்னா செய்ய?"

"அவன் அனுப்புன ஒண்ணையும் அழிச்சிராத. அவன் எழுதுனது, கடிதாசி எல்லாத்தயும் படம் எடுத்து வையி. மிச்சத்த அனுப்பாத. அந்த மூணு பேரையும் கூட்டிக்கிட்டு நாளைக்கே பொலிசுக்குப் போ. அவுங்க தேடி வாறதுக்கு முந்தி நீங்க போயிறணும், வெளங்குதா? வாற வழியில எங்க வங்கிக்கும் வாங்க."

மூன்று வாரமாக நான் பார்த்துத் தள்ளிய முகங்கள் எல்லாம் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தன. சுண்ணாம்பு பூசாத சுவர், பின்னால் உடுப்புக் கொடி, தலையை இடமும் வலமும் திருப்பும் ஏதேதோ நாட்டுப் பெண்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் எதிரே போனைப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்குத் தெரிந்த ஒருத்தி நின்றிருப்பாள். என்னை மாதிரி ஒருத்தி. எனக்கு அழுகை வரவில்லை, என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பில் வைத்த தேத்தண்ணி பொங்கி வழிந்தது, அவள் இறக்கவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நானும் நின்றுகொண்டே இருந்தேன். சிக்னல் விட்டு விட்டு எட்டிப் பார்த்த போதெல்லாம் போன் துடித்தது. ஏழு பேர் எங்கே, ஏழு பேர் எங்கே என்று லூகாஸ்.

"யாருக்கிட்டயும் சொல்லாத" என்றாள் அம்மா கடைசியில். "பொலிஸ் வந்தா வரட்டும். அப்ப பாத்துக்கலாம். நாலு லயத்துலயும் நாந்தான் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். இனி நான் எப்பிடிடி மலைக்குப் போறது?"

"வந்தா லெட்சுமி அத்தையத்தானேம்மா புடிச்சிக்கிட்டுப் போவாங்க?"

"போதும், வாய மூடு."

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அத்தை வீட்டு வாசல் வரை மூன்று தரம் போனேன். உள்ளே அவர் மகளிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று தரமும் திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு நான் பாறைக்குப் போகவில்லை. அம்மாவுக்குப் பின்னாலேயே ரோட்டு முக்குக்குப் போனேன். செல்லசாமி பெயர் கூப்பிடத் தொடங்குவதற்குள், "எல்லாரும் ஒரு நிமிசம் நில்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நான் வேலை செய்தது வேலையே இல்லை, ஏமாந்துவிட்டேன், நான் ஏமாந்ததோடு நிற்காமல் மூன்று பேருடைய முகத்தையும் அடையாள அட்டையையும் அவனுக்கு அனுப்பிவிட்டேன், அந்த மூன்று பேரும் இன்றைக்கே என்னோடு பொலிசுக்கு வர வேண்டும் என்று சொன்னேன். மற்ற ஏழு பேருடையதை அவர்கள் கண் முன்னாலேயே போனிலிருந்து அழித்துக் காட்டினேன். ஒருத்தரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அம்மா தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தேயிலையைப் பார்த்தபடி நின்றாள்.

"பொலிசுக்குப் போறதுன்னா போங்க" என்றார் செல்லசாமி. "ஆனா அரைப்பேருதான் போட முடியும். அதுவும் பதினோரு மணிக்குள்ள வந்தாத்தான்."

"ஒன் அரைப்பேர நீயே வச்சுக்க" என்றார் லெட்சுமி அத்தை. பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

லிந்துலை பஸ்ஸில் நிஷாந்தியும் டோரீனும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். என் பக்கத்தில் அத்தைதான் உட்கார வேண்டியிருந்தது. வீடியோவுக்குக் கட்டிய அதே சேலையை அவசரத்தில் கட்டியிருந்தார். பாதி வழி வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவர், திடீரென்று கேட்டார்.

"அவன்கிட்டருந்து அத திருப்பி வாங்க ஏலாதா?"

"ஏலாது அத்தே."

"அழிக்கச் சொன்னா?"

"அழிச்சிட்டேன்னு சொல்லுவான். அழிக்க மாட்டான்."

"கிலோவக் கழிச்சா செல்லசாமி சட்டயப் புடிச்சிக் கேக்கலாம்" என்றார் அத்தை. "என் மூஞ்சிய எடுத்துக்கிட்டவன நான் எங்கடி போயித் தேடுவேன்?" முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பொலிஸில் சார்ஜன் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். அவருக்குத் தமிழ் வராது, அன்றைக்குத் தமிழ் தெரிந்த ஆளும் வேலைக்கு வரவில்லை. மூன்று பேருக்கும் சந்தையில் விலை கேட்கும் அளவுக்குத்தான் சிங்களம். நான் கடையில் இருந்தவள், சரளமாகப் பேசுவேன். அதனால் அவர் கேட்பதைத் தமிழில் சொல்லி, இவர்கள் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வது என் வேலையாயிற்று. பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதினார். பிறகு பேனையை நிறுத்திவிட்டு, "படத்தையும் வீடியோவையும் எடுத்து அனுப்பியது யார் என்று கேள்" என்றார் சிங்களத்தில்.

நான் அத்தையைப் பார்த்தேன். "யாரு எடுத்ததுன்னு கேக்குறாரு அத்தே."

அத்தை மேசையைப் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னார். "வெளியூருலருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்தான், பேரு தெரியாதுன்னு சொல்லு."

"அத்தே..."

"சொல்லுடி. ஒம் பேரு இந்தப் பொஸ்தகத்துல ஏறிட்டா நாளைக்கு எவன் ஒனக்கு வேல குடுப்பான்? எவன் பொண்ணு கேட்டு வருவான்? நாங்க மூணு பேரும் மாத்திச் சொல்ல மாட்டோம்." நிஷாந்தியும் டோரீனும் தலையாட்டினார்கள்.

சார்ஜன் காத்திருந்தார். நான் என்ன சொன்னாலும் அதுதான் எழுதப்படும், சரிபார்க்க அங்கே வேறு ஆள் இல்லை. அப்படி எழுதினால் வராத ஒருவனைத் தேடுவார்கள். நாளைக்குக் களவுக் காசு அத்தை பேரில் வந்து நின்றால், பொலிஸில் பொய் சொன்னவள் என்று அதையும் அவர் தலையில்தான் கட்டுவார்கள். அந்தக் கம்பெனிக்காரனைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

"மம தமய்" என்றேன். நான்தான் எடுத்தேன்.

அவ்வளவு சிங்களம் அத்தைக்குத் தெரியும். மேசைக்குக் கீழே என் தொடையில் கை வைத்து, கண்ணில் நீர் வரும்படி நறுக்கென்று கிள்ளினார். "கூறு கெட்ட சிறுக்கி" என்றார். கிள்ளிய கையை எடுக்கவில்லை. அங்கேயே வைத்திருந்தார்.

சார்ஜன் புதுப் பக்கத்தைத் திருப்பி என் பெயரைக் கேட்டார். முழுப் பெயரையும் சொன்னேன்.